பதினேழாம் எண்ணின் சிரிப்பு

நாசரேத்துக்கு மேற்கே ஒரு சின்ன சபையில் உபதேசியாராக இருந்தவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் இன்பமணி, இளையவள் கிருபை. இருவருக்கும் நடுவே பதினாறு வயது வித்தியாசம். இடையில் பிறந்த மூன்றும் தங்கவில்லை. கிருபை பிறந்து நாற்பது நாள் ஆவதற்குள் தாய்க்காரிக்குப் புத்தி பேதலித்தது. கைப்பிள்ளையோடு கிணற்றடியில் போய் நின்றாள் என்று, அவளுடைய கூடப்பிறந்த அண்ணனே வந்து விறகு அறையில் கட்டிப்போட்டான். ஏழு மாதம் கிடந்தாள். கஞ்சி ஊட்டியதும், கணுக்காலில் கயிறு அறுத்த புண்ணுக்கு வேப்பெண்ணெய் போட்டதும் இன்பமணிதான். செத்தபிறகு குளிப்பாட்டிப் பெட்டியில் வைக்கும்போதுதான் கயிற்றை அவிழ்த்தார்கள். அன்றைக்குத் தங்கச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்தவள் பிறகு இறக்கவே இல்லை. தனக்கென்று ஒரு கல்யாணத்தை நினைத்துப் பார்க்கவும் இல்லை.

தட்டச்சு படித்து அவள் வேலைக்குப் போன இடம், தூத்துக்குடியிலிருந்து பழையகாயல் போகிற சாலையில் உப்பளத்தைத் தாண்டி இருந்தது. ஆறுதல் இல்லம் என்று பெயர். புத்தி சரியில்லாதவர்களை வைத்துப் பார்க்க ஐந்தாறு பேர் கமிட்டி போட்டு நடத்திய தருமகாரியம். ஓட்டுக் கட்டடம் இரண்டு, கிணறு ஒன்று. அந்தத் தண்ணீரும் கரிக்கும். கோயில் வாசலிலும் தர்கா வாசலிலும் ரயிலடியிலும் சங்கிலியோடு கிடந்தவர்களைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். செயலாளர் தேவபிரசாதம் அய்யா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இன்பமணி போன புதிதில் மருந்துக்கு வழியில்லை, பல நாள் அரிசிக்கும் இல்லை.

எழுபத்தொன்றில் வெளிநாட்டு மிஷன் ஒன்றுக்கு மனு எழுதியது அவள்தான். நாலு தடவை திருப்பி அனுப்பினார்கள். எத்தனை நோயாளி, எத்தனை பேருக்குக் குணம், கட்டிவைக்கிற வழக்கம் உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. கடைசிக் கேள்விக்கு அவள் எழுதிய பதில்தான் அவர்களை அசைத்தது. "இங்கே யாரையும் கட்டுவதில்லை. கட்டுண்டு செத்த ஒரு தாயின் மகள் இதை எழுதுகிறேன்."

உதவி வந்தது. நிபந்தனையோடு வந்தது. நாற்பது நோயாளிக்கு நாற்பது எண். ஒவ்வொரு எண்ணுக்கும் அந்தத் தேசத்தில் ஓர் ஆதரவாளர். ஆளுக்கொரு கோப்பு. வருடம் ஒரு தடவை நோயாளி தன் எண்ணைச் சிலேட்டில் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், அவரே சொல்வது போல. யாராவது இறந்தால் எப்படி இறந்தார் என்று டாக்டர் கையெழுத்தோடு எழுத வேண்டும். யாரையாவது கட்டிவைத்தார்கள் என்று தெரிந்தால் மொத்த உதவியும் அன்றோடு நிற்கும்.

பாளையங்கோட்டையிலிருந்து மாதம் ஒரு டாக்டர் வர ஆரம்பித்தார். நாற்பது பேரையும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறவர். ஆளைவிடக் கோப்பைத்தான் அதிகம் பார்ப்பார். என்றாலும் மாத்திரை வந்தது, அலறல் குறைந்தது, சங்கிலித் தழும்புகள் ஆறின. இத்தனை பேரும் தன் கை எழுத்தினால் மூச்சு விடுகிறார்கள் என்று இன்பமணி நினைத்தாள். அது பொய்யுமில்லை.

எழுபத்துநாலு மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிச் சபையில் அசனம். சபையார் எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற வருடாந்தர விருந்து. இல்லத்தில் காவலும் சமையலுமாக இருந்த பிச்சையா வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"வருசத்துக்கு ஒருக்க வார சோறும்மா. ஊரே போகுது. நான் மட்டும் இங்கன கெடந்து உப்புக்காத்தக் குடிக்கணுமாக்கும்?"

"பூட்டிட்டு வாரும். ஒரு மணி நேரந்தான?" என்றாள் இன்பமணி.

பூட்டச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் பதினேழாம் எண் ஞானபாய், கதவைப் பூட்டினால் நெற்றியை அதில் மோதி மோதி ரத்தம் வரவைக்கிறவள். அது இன்பமணிக்கும் தெரியும், பிச்சையாவுக்கும் தெரியும். அவன் ஞானபாயை அவள் சேலையாலேயே மேற்கு ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் பூட்டினான். பந்தியில் கறி வேகத் தாமதம். ஒரு மணி நேரம் நாலு மணி நேரமானது. திரும்பி வந்து திறந்தபோது மேல்வெயில் மொத்தமும் அந்த அறைக்குள் நின்றது. ஞானபாய் முழங்கால் மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டாத தூரத்தில் செம்பு நிறையத் தண்ணீர்.

இன்பமணி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

ஞானபாய் ரயிலடியில் கிடைத்தவள். தேடி வர நாதியில்லை. வெயில் தாங்கவில்லை என்று சொல்லி மறுநாள் காலையிலே அடக்கம் முடிந்துவிட்டது. மிஷனுக்கு எழுதுவதுதான் பாக்கி. தேவபிரசாதம் அய்யா அவள் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன எழுதப்போற?"

"இறந்துட்டாள்னுதான் அய்யா."

"எப்படின்னு கேப்பாவளே. பிச்சையாவக் கூப்பிட்டு விசாரிச்சா அவன் என்ன சொல்லுவான்? அம்மாதான் பூட்டிட்டு வரச் சொன்னாவன்னு சொல்லுவான்." அவர் குரல் உயரவில்லை. வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல். "போனவ போயிட்டா. நாப்பது பேரையும் பழையபடி சங்கிலியோட ரயிலடியில விடணுமா, நீயே சொல்லு."

"முப்பத்தொம்பது, அய்யா."

"அது உனக்கும் எனக்கும். காகிதத்துல நாப்பதா இருந்துட்டுப் போட்டும்."

அந்த ஜூன் மாதம் போட்டோ பிடிக்க வேண்டியிருந்தது. போன வருடப் படத்தில் ஞானபாய் மழித்த தலையும் கவிழ்ந்த முகமுமாக இருந்தாள். வருடம் ஒன்று போனால் முடி வளரும், முகமும் நிமிரும். ஒல்லியாக, இருபத்தைந்து வயதுக்குள் ஒரு பெண் போதும். இன்பமணிக்குச் சாப்பாடு கொண்டு மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினாள் கிருபை.

அப்பா காலமாகி, அக்கா வேலைக்கு வந்தபிறகு கிருபை நாசரேத்தில் சித்தி வீட்டில் இருந்து பள்ளிப் படிப்பை முடித்தவள். அக்காவோடு இருக்கத் தூத்துக்குடிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சபையில் அவளைப் பாதிப் பேருக்குத் தெரியாது. தூக்குச்சட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு இன்பமணி அவள் கையில் சிலேட்டைக் கொடுத்தாள்.

"ஏளா, இதப் பிடிச்சிட்டு அந்தச் சுவரோரமாப் போயி நில்லு."

"என்னத்துக்குக்கா? என்னய மறுபடி ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கப் போறியா?"

"ஒரு ஆளு குறையுது. பேசாம நில்லு."

"பதினேழாம் நம்பரா? திருடிக்குத்தான இப்படி நம்பர் கொடுத்துப் படம் பிடிப்பாவ? நான் என்னத்தக்கா திருடுனேன்?" சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதளா!"

அதற்குள் போட்டோக்காரர் அமுக்கிவிட்டார். இன்னொன்று எடுக்கச் சொன்னபோது ரோல் முடிந்துவிட்டது என்றார். பல்வரிசை தெரிய, கண் இடுங்க, சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிருபை சிரித்த படம் கப்பல் ஏறிப் போனது.

மறுவருடம் மார்ச்சில் கிருபைக்குச் சம்பந்தம் வந்தது. பையன் செல்வதுரை, புதுத் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையை எண்ணிக் குறிக்கிற வேலை. தாய் ஜீவமணி, சாத்தான்குளத்துப் பள்ளிக்கூட டீச்சர். மகனுக்கு வேலை கிடைத்ததும் தூத்துக்குடிக்கு வீடு மாற்றி வந்தவள். பெண் பார்க்க வந்த இடத்தில் ஜீவமணி, பாடத் தெரியுமா என்று கேட்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, கல்யாணச் சாமான் பட்டியலைத் தான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னாள். கிருபை எழுதியதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"முத்து கோத்தாப்பல இருக்கே. இந்தக் கையெழுத்துக்கே நான் பெண்ணெடுப்பேன்."

"அப்ப எனக்குப் பிடிக்கலன்னாலும் எடுப்பியளாம்மா?" என்றான் செல்வதுரை.

"உன்னய யாரு கேட்டா?"

அன்றிலிருந்து துறைமுகத்தில் கப்பல் ஊதினால் கிருபை கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு நிற்பாள். இன்பமணி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொள்வாள். தன் அம்மாவின் விறகு அறையிலிருந்து இந்தப் பெண்ணைக் கரைசேர்த்தாயிற்று என்று அவளுக்கு நெஞ்சு குளிர்ந்திருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று குருவானவர் அறிவிப்பார். மூன்றும் வாசித்தால்தான் கல்யாணம். ஏப்ரல் கடைசியில் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மே மாதம் நடுவில் கல்யாணம்.

இரண்டாம் ஓலைக்கு மூன்று நாள் கழித்துச் செல்வதுரை சைக்கிளில் வந்தான். சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"அம்மா உங்கள உடனே வரச் சொன்னாவ அக்கா. தனியா."

ஜீவமணி வீட்டுச் சுவரில் அந்த மிஷன் காலண்டர் தொங்கியது. உதவி செய்கிற மிஷன் தன் தேசத்தில் அச்சடித்து, சபை வீடுகளுக்கென்று கட்டுக்கட்டாக அனுப்பியிருந்தது. ஜனவரியில் வீடு வீடாகக் கொடுத்தது தேவபிரசாதம் அய்யாவேதான். வழவழத் தாள், மாதத்துக்கு ஒரு படம். நம் ஜனம் அந்தந்த மாதத்தை அந்தந்த மாதம் வந்தால்தான் புரட்டும். ஜீவமணி கல்யாண நாளில் சிவப்பு மையால் வட்டம் போட மே மாதத்தைப் புரட்டியிருக்கிறாள். மருமகள் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ என்ன எழுதியிருக்குன்னு வாசிலே," என்றாள் ஜீவமணி.

செல்வதுரை இங்கிலீஷை வாசித்துத் தமிழில் சொன்னான். "ஞானபாய், எண் பதினேழு. சங்கிலியில் கிடந்தவள். மூன்று வருடச் சிகிச்சைக்குப் பிறகு அவளுடைய முதல் சிரிப்பு."

"இது யாரு இன்பமணி?"

"கிருபைதான் டீச்சர். ஆனா அவ நோயாளி இல்ல."

"பேரையும் மாத்தி, ஊரையும் மாத்தி எம்மகன் தலையில கட்டப் பாத்தியே. உங்கம்மா கட்டுல கெடந்து செத்தது சாத்தான்குளம் வரைக்கும் தெரியும். பிள்ளப்பேத்துக் கோளாறுன்னு நான் அதப் பெருசா எடுக்கல. இது என்ன?"

"அம்மா, பொறுங்க," என்றான் செல்வதுரை. அவன் இன்பமணிக்கு முன்னால் வந்து நின்றான். "அக்கா, எனக்கு அவளக் கட்டணும். நோயாளி இல்லன்னு சொல்லுதிய, நான் நம்புதேன். அம்மா நம்பணும்லா? இல்லத்துத் தாள்ல எழுதி, செயலாளர் கையெழுத்தோட கொண்டாங்க. கிருபை ஒரு நாளும் அங்கன நோயாளியா இருந்ததில்ல, அந்த ஞானபாய் இன்னாரு, இப்பம் இங்கன இருக்கான்னு. ஞாயித்துக்கிழமைக்கு முன்னால."

ஒரே ஒரு தாள். இன்பமணியின் தட்டச்சில் ஐந்து நிமிட வேலை. அவள் நேரே தேவபிரசாதம் அய்யா வீட்டுக்குப் போனாள். அவர் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"ஞானபாய் இப்பம் எங்க இருக்கான்னு எழுதட்டும்? கல்லறைத் தோட்டம், மூணாம் வரிசைன்னா?"

"என் தங்கச்சி அய்யா. நான் வளத்த பிள்ள."

"ஜூன் மாசம் மிஷன்லேருந்து அம்மையார் வாராவ. மூணு வருசத்துக்குப் புதுப்பிக்கணும். ஜீவமணி டீச்சர் கையில அந்தத் தாளு போச்சுன்னா பிஷப் ஆபீசுக்குப் போகும், அங்கனருந்து கப்பலேறும். பொறவு என்ன நடக்கும்னு உனக்குச் சொல்லணுமா? மாத்திரை நின்ன மறுநாளு எட்டாம் நம்பரு என்ன பண்ணுவான்? இருபத்திரண்டு? அதுகள யாரு கட்டுவா, நீயா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கிருபைக்கு இருபது வயசுதான். ஒரு மாப்பிள்ளை போனா இன்னொண்ணு வரும். நாப்பது பேருக்கு வேற யாரு வருவா?"

இன்பமணி திரும்பி நடந்தாள். உண்மையைத் தான் ஒருத்தியாகவே ஜீவமணியிடம் சொல்லிவிடலாம். பூட்டிவிட்டு வா என்று சொன்னது தன் வாய்தான் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஜீவமணி வீட்டு முக்குவரை போனாள். நின்றாள். தன் வீட்டுக்குப் போனாள். கிருபையிடம் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிருபை கத்தரிப்பூக் கலர்ச் சேலை உடுத்தி, பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குருவானவர் ஓலையை எடுத்தார். இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்தார். தாளை மடித்தார். கிருபை அக்காளைத் திரும்பிப் பார்த்தாள். மறந்துபோய்விட்டார் என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும். அவள் உதட்டில் இன்னும் சிரிப்பு இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் ஜீவமணியைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். காலண்டர் தாள் கை மாறிக் கை மாறிப் போயிற்று.

"பேரே வேறயாம்லா, ஞானபாயாம்."

"சங்கிலியில கெடந்ததாம்ளா. பாத்தா தெரியுதா பாரேன்!"

"தாயக் கட்டித்தான போட்டிருந்தாவ. வழி வழியா வாரதுதான்."

யாரோ தாளைக் கிருபையின் கையிலேயே கொடுத்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததும் நிம்மதியாகி, "இதுவா?" என்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பும் படத்துச் சிரிப்பும் ஒன்றாக இருந்தன. பெண்கள் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தார்கள்.

"இது சும்மா எடுத்தது. ஒரு ஆளு குறையுதுன்னு அக்காதான் நிக்கச் சொன்னா. அக்கா, சொல்லுக்கா."

கூட்டம் மொத்தமும் இன்பமணியைப் பார்த்தது. ஆண்கள் பக்கத்து வாசலில் செல்வதுரை நின்றான். அவனும் பார்த்தான். தேவபிரசாதம் அய்யா அவன் பக்கத்திலேயே வேதப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

இன்பமணி குடையை விரித்தாள். "வெயில் ஏறுது. வா, வீட்டுக்குப் போவோம்," என்றாள்.

கிருபை அதற்குப் பிறகு சபைக்குப் போகவில்லை. தெருக்குழாய்க்கும் போகவில்லை, போனால் பிள்ளைகள் 'பதினேழு, பதினேழு' என்று கூப்பிட்டன. நாசரேத்துச் சித்தி தன் பெண்களின் சம்பந்தம் கெட்டுவிடும் என்று, அவளை அங்கே அனுப்ப வேண்டாமென்று கடிதம் எழுதினாள். கிருபை அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், சோறு வைத்தால் ஆறிப்போகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஜூன் கடைசியில் மிஷன் அம்மையார் வந்தார். பதினேழாம் எண்ணின் ஆதரவாளர் வேறு யாருமில்லை, அவரேதான். காலண்டர் படத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். வந்து இறங்கியதும் முதல் கேள்வி, என் ஞானபாய் எங்கே என்று.

"ஒரு மணி நேரந்தான் கிருபை," என்று இன்பமணி காலில் விழாத குறையாகக் கேட்டாள். "அவுக கப்பலேறட்டும். நானே சபையில எந்திரிச்சி நின்னு எல்லாத்தையும் சொல்லுதேன். அம்மா மேல ஆணை."

கிருபை சுவரிலிருந்து திரும்பினாள். "சொல்லுவியாக்கா?"

"சொல்லுவேன்."

இல்லத்தின் வெள்ளைச் சேலையை உடுத்தி அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அம்மையார் கட்டிப்பிடித்து அழுதார். தன் கையால் பின்னிய கம்பளிச் சட்டை ஒன்றைத் தூத்துக்குடி வெயிலில் அவளுக்குப் போட்டுவிட்டார். ஒரு வாரம் தங்கப்போவதாகவும், தினமும் ஞானபாயோடு உட்காரப்போவதாகவும் சொன்னார். ஒரு மணி நேரம் ஒரு வாரமானது.

உதவிப் பணத்தில் புதிதாக ஒரு நர்ஸை வைத்திருந்தார்கள். கோப்பில் எழுதியிருந்த மாத்திரையை அவள் வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். அந்த விதியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியதும் இன்பமணிதான். மூன்று நாளில் கிருபைக்கு நாக்கு தடித்தது, கழுத்து ஒரு பக்கமாக இழுத்தது.

நாலாம் நாள் பாளையங்கோட்டை டாக்டர் வந்தார். பழையவரில்லை, மாற்றலாகி வந்த புது ஆள். அம்மையார் பக்கத்தில் இருந்தார், தேவபிரசாதம் அய்யா இருந்தார், இன்பமணி கோப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பேரு என்னம்மா?"

"கிருபை."

டாக்டர் கோப்பைப் பார்த்தார். "ஞானபாய்னுல்லா இருக்கு?"

"அது செத்துப்போச்சு டாக்டர். கட்டிப்போட்டு செத்துப்போச்சு. நான் இந்த அக்காவோட கூடப்பிறந்தவ. எனக்கு ஒண்ணுமில்ல, இந்த மாத்திரை வேண்டாம்னு சொல்லுங்க." நாக்குத் தடிப்பில் வார்த்தைகள் குழறின. ஆனாலும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

டாக்டர் இன்பமணி பக்கம் திரும்பினார். "எப்பவும் இப்படித்தான் சொல்லுமா?"

அந்த அறை மேற்குப் பார்த்த அறை. ஜன்னல் கம்பியில் சாயம் புதிதாகப் பூசியிருந்தார்கள்.

"ஆமா டாக்டர்," என்றாள் இன்பமணி. "அப்பப்ப இப்படிச் சொல்லும்."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு மாத்திரையை இரண்டு மடங்காக்கி எழுதினார். என்ன சொன்னாள் என்று அம்மையார் ஆவலாகக் கேட்டார். இன்பமணி இங்கிலீஷில் பதில் சொன்னாள்: உங்களைப் பார்த்ததில் சந்தோஷம் என்கிறாள்.

கிருபை அக்காளின் முகத்தை, எங்கோ பார்த்த முகம் போல, அடையாளம் தேடுகிறவள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு உதவி புதுப்பித்துக் கையெழுத்தானது. அம்மையார் போன மறுநாள் இன்பமணி கத்தரிப்பூச் சேலையை எடுத்துக்கொண்டு வந்து, வீட்டுக்குப் போவோம் எழுந்திரு என்றாள்.

"சபையில சொல்லிட்டியாக்கா?"

இன்பமணி சேலையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்பம் எந்த வீட்டுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கிருபை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஆவணியில் செல்வதுரைக்குச் சாத்தான்குளத்துப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. இரண்டு மடங்கு மாத்திரையை நிறுத்தச் சொல்ல, நோயாளி இவள் இல்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல யாருமில்லை. கை நடுக்கமும் எச்சில் வடிதலும் வந்தன. நர்ஸ் ஞானபாய் என்று கூப்பிட்டாள், பிச்சையாவும் பழகிக்கொண்டான். முதலில் திரும்பாமல் இருந்தவள், பிறகு திரும்ப ஆரம்பித்தாள். தினமும் மத்தியானம் இன்பமணி தன் தூக்குச்சட்டிச் சோற்றில் பாதியை அவளுக்கு ஊட்டினாள். பதினாறு வயதில் அம்மாவுக்கு ஊட்டிய அதே கை.

எழுபத்தாறு கிறிஸ்துமஸுக்கு முன்னால் அரையாண்டுக் கடிதங்கள் எழுதுகிற நேரம் வந்தது. அம்மையார் ஒரு வேண்டுகோள் அனுப்பியிருந்தார்: இதுவரை ஞானபாயின் கடிதங்களில் பெருவிரல் ரேகைதான் வருகிறது, இந்தத் தடவை அவள் தன் கையால் பெயர் எழுத முடியுமா? இன்பமணி கடிதத்தைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போய், பேனாவைத் தங்கச்சியின் விரலுக்கு நடுவே வைத்தாள்.

"கீழ ஒரு கையெழுத்துப் போடு, கண்ணு."

கிருபை தாள்மேல் குனிந்தாள். ஆடிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, நாக்கு வெளியே துருத்த, எழுத்து எழுத்தாக இழுத்தாள். இன்பமணி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். எழுத்துக்கள் கோணிக் கிடந்தன, வரி சரிந்து கீழே இறங்கியது. ஆனால் தப்பில்லை. ஞானபாய் என்று எழுதியிருந்தாள்.

தேவபிரசாதம் அய்யா அதை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பரவாயில்லையே! இத ரிப்போட்டுல சேத்திரு. அவுகளுக்கு இது மாதிரிதான் பிடிக்கும்," என்றார்.

இன்பமணி இயந்திரத்தில் புதுத் தாளைச் செருகினாள். முன்னேற்றம் என்ற தலைப்புக்குக் கீழே தட்டச்சு செய்தாள்: பதினேழாம் எண் இந்த வருடம் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள்.